பனிநாளில் எந்த நிறுத்தத்தில் நிற்பது?

கேள்வி: பனி பொழியும் ஊருக்குக் குடிவந்து எனக்கு இது முதல் குளிர்காலம். விடியும் முன்பே கிளம்பிப் பேருந்தில்தான் வேலைக்குப் போகிறேன். வீட்டருகே உள்ள நிறுத்தம் ஏற்றமான சாலையின் நடுவில் இருக்கிறது. சென்ற வாரம் கைப்பேசிச் செயலி ‘4 நிமிடம்’ என்று காட்டியதை நம்பி 40 நிமிடம் நின்றேன். பேருந்து வரவே இல்லை. மறுநாள் வந்த பேருந்தைப் பிடிக்க ஓடி வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. பனிக்காலம் முடியும்வரை டாக்சியில் போகச் சொல்கிறார் என் கணவர். பேருந்துப் பயணம் அவ்வளவு ஆபத்தானதா?

— ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் மணிக்கட்டைக் கவனியுங்கள். வலியும் வீக்கமும் இன்னும் குறையவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள். கையை ஊன்றி விழுபவர்களுக்கு எலும்பில் மெல்லிய விரிசல் விடுவதும், அதைச் சுளுக்கு என்று எண்ணி அவர்கள் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பதும் அடிக்கடி நடப்பவைதான்.

உங்களுக்கு நேர்ந்த இரண்டு தொல்லைகளில் ஒன்றுகூடப் பேருந்துக்குள் நேரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? பனிக்காலத்தில் பேருந்துப் பயணிக்கு வரும் சங்கடங்களில் பெரும்பகுதி நிறுத்தத்திலும் அதற்குப் போகும் வழியிலும்தான் இருக்கிறது. ஆகவே நான் சொல்லப்போவதில் முக்கியமானது ஒன்றுதான்: பனி பொழியும் நாளில் உங்கள் நிறுத்தத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

பேருந்து கனமான வண்டி என்பதால் பனியில் நன்றாகப் பிடித்து ஓடும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் ஏற்றத்தின் நடுவில் ஒருவரை ஏற்றிக்கொள்ள அது நின்றுவிட்டால், மறுபடி கிளம்பும்போது சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று அடியிலிருக்கும் பனியைத் தேய்த்து மெருகேற்றிவிடும். அதன் பிறகு வண்டி நகராது, சில வேளைகளில் பின்னோக்கிச் சறுக்கவும் செய்யும். இதனால்தான் மேட்டின் நடுவில் கைகாட்டுகிறவரைப் பார்த்தும் ஓட்டுநர்கள் நிறுத்தாமல் போய்விடுகிறார்கள். அதைக் கல்நெஞ்சம் என்று எண்ண வேண்டாம். பனி மிகுந்த ஊர்களில் போக்குவரத்து நிறுவனங்கள் பலவும் செங்குத்தான சாலைகளைத் தவிர்க்கும் தனி வழித்தடங்களைப் பனிநாளுக்கென்றே வகுத்து வைத்திருக்கின்றன. நீங்கள் 40 நிமிடம் காத்திருந்த காலையில் உங்கள் பேருந்து அடிவாரத்துப் பெரிய சாலையோடு போயிருக்கக்கூடும். செயலியோ வழக்கமான தடத்தையும் கால அட்டவணையையும் வைத்துக் கணக்குப் போடுவது. வண்டி தடம் மாறினால் அதன் கணக்கும் தப்பிவிடும். எனவே நிமிடக் கணக்கை நம்புவதைவிட, முந்தின இரவே நிறுவனத்தின் அறிவிப்புப் பக்கத்தில் உங்கள் தட எண்ணுக்கு மாற்றுப்பாதை உண்டா என்று பார்த்துவிட்டு, மேட்டின் அடியிலோ உச்சியிலோ உள்ள நிறுத்தத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய்விடுவது மேல். கைப்பேசியை உள்சட்டைப் பையில் வையுங்கள். கடுங்குளிரில் அதன் மின்கலம் பாதி இருக்கும்போதே அணைந்துவிடுவதுண்டு.

நிறுத்தத்தில் எங்கே நிற்பது என்பதும் முக்கியம். உறைந்த சாலையில் வண்டி நிற்பதற்குத் தேவைப்படும் தூரம், உலர்ந்த சாலையில் தேவைப்படுவதைப்போல் பத்து மடங்குவரை ஆகலாம். மழைநீர் வடிவதற்காகச் சாலைகளை ஓரம் நோக்கிச் சற்றே சரித்துப் போட்டிருப்பார்கள்; பனியில் அந்தச் சரிவு போதும், நின்றுவிட்டதுபோல் தெரியும் பேருந்தின் பின்பகுதி மெதுவாக நடைபாதையை நோக்கி நழுவி வரும். நடுவில் மடிப்புள்ள நீளப் பேருந்துகளில் பலவற்றில் பின்சக்கரங்களே வண்டியைத் தள்ளுவதால் இது இன்னும் அதிகம். ஆகவே நடைபாதை விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடிகளாவது தள்ளி நில்லுங்கள். ஓரத்தில் குவித்திருக்கும் பனிமேட்டின் மீது மட்டும் ஏறி நிற்கவே நிற்காதீர்கள், சறுக்கினால் நேரே சக்கரத்தடியில்தான் போய் விழுவோம். சக்கரம் முற்றிலும் நின்று கதவு திறந்த பிறகு நகர்ந்தால் போதும். இருட்டில் கறுப்புக் கோட்டோடு நிற்பவரை ஓட்டுநர் பார்ப்பது கடினம் என்பதால், கைப்பேசி விளக்கைத் தரையை நோக்கிப் பிடித்திருங்கள்.

கதவுக்கு நேர் எதிரே உள்ள அந்த ஒரு முழ இடத்தை ஒருநாள் குனிந்து பாருங்கள். ஏறி இறங்கும் அத்தனை கால்களும் மிதித்து மிதித்து அது சோப்புக்கட்டி போல வழவழத்துக் கிடக்கும். அங்கே கால் வைக்குமுன் கைப்பிடியைப் பிடித்துவிடுங்கள். கம்பளிக் கையுறை இரும்புக் கம்பியில் நழுவும். உள்ளங்கையில் ரப்பரோ தோலோ வைத்துத் தைத்த கையுறையே உதவும். ஏறும்போது காலணியைப் படியில் இரண்டு தட்டுத் தட்டிப் பனியை உதிர்த்துவிட்டு ஏறுங்கள், உள்ளே தரையில் நிற்கும் தண்ணீரில் பாதி நாம் கொண்டுவந்ததுதான். காலணிக்கு அடியில் மாட்டும் இரும்புப் பல் கொண்ட பட்டைகளை வாங்கியிருந்தால், அவற்றை ஏறுமுன் கழற்றிவிட வேண்டும்; பனியில் கவ்விப் பிடிக்கும் அதே பற்கள் வழவழப்பான பேருந்துத் தரையில் சறுக்குக் கட்டைகளாகிவிடும். உட்கார்ந்ததும் கோட்டின் முன்பக்கத்தைத் திறந்துவிடுங்கள். உள்ளே வியர்த்துவிட்டு வெளியே இறங்கினால் குளிர் இரட்டிப்பாகத் தாக்கும்.

இறங்குவதில்தான் பலரும் அசட்டையாக இருக்கிறார்கள். முடிந்தால் முன்கதவு வழியாக இறங்குங்கள். பனிக்குவியல் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தும்படி ஓட்டுநரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் செய்து தருவார். ஒரு கை கம்பியில் இருக்க, தரையைப் பார்த்து, குதிகாலை ஊன்றாமல் பாதம் முழுவதையும் பதித்து இறங்குங்கள். இறங்கியதும் வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ புகுந்து சாலையைக் கடக்காதீர்கள். அது கிளம்பிப் போகட்டும்.

நடக்கும்போது கைகளைக் கோட்டுப் பையில் விடாமல், குட்டை அடிகளாக, உடலின் எடை முன்காலின் மேல் இருக்கும்படி வாத்து நடை நடக்க வேண்டும். பார்க்க அழகாக இராது, பரவாயில்லை. கடுங்குளிர் நாள்தான் மிக அதிகம் வழுக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். மைனஸ் 15 டிகிரியில் இறுகிய பனி ஓரளவு பிடிப்புக் கொடுக்கும். வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டி இருக்கும் நாளில், அதுவும் பகலில் உருகி இரவில் மறுபடி உறைந்த காலையில், பனிக்கட்டி கண்ணுக்கே தெரியாமல் வெறும் ஈரம்போலத் தரையோடு தரையாகக் கிடக்கும். பாலங்களின் மேல் அடியிலும் குளிர்காற்று வீசுவதால் அவை மற்றச் சாலையைவிட முன்னதாக உறைந்துவிடுகின்றன.

உங்கள் கணவர் சொல்வதற்கு வருகிறேன். அவருடைய அக்கறை சரிதான், ஆனால் டாக்சியும் அதே மேட்டுச் சாலையில்தான் ஏற வேண்டும். அதற்காகக் காத்திருப்பதும் அதே நடைபாதையில்தான். பெரிய சாலைகளில் முதலில் உப்புத் தூவிப் பனியை அகற்றுகிறார்கள், பேருந்தும் அவற்றில்தான் பெரும்பாலும் ஓடுகிறது. அவர் பேச்சைக் கேட்க வேண்டிய நாள் ஒன்று உண்டு: மழையாக விழுந்து தரையைத் தொட்டதும் கண்ணாடியாக உறையும் உறைமழை நாள். அன்று பேருந்தும் வேண்டாம், டாக்சியும் வேண்டாம். வானிலை அறிக்கையில் அந்தச் சொல்லைப் பார்த்த இரவே மேலாளருக்குத் தகவல் அனுப்பிவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள்.