ஜேக்கப் பக்கம் நின்றவர்கள்

அன்புள்ள அக்கா,

ட்வைலைட் நாவல்கள் நான்கையும் பிரெஞ்சில் படித்தேன். நாயகி பெல்லாவைக் காதலிக்கும் எட்வர்ட், ஜேக்கப் இருவரில் நான் ஜேக்கப் பக்கம். கடைசிப் புத்தகத்தில் பெல்லாவுக்குப் பிறந்த குழந்தையோடு அவனை முடிச்சுப் போட்டதும் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "கதைக்குப் போய் இவ்வளவு கோபமா?" என்று தோழிகள் சிரிக்கிறார்கள். நான்தான் தப்பாகப் படித்தேனா?

ஒரு வாசகி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அன்புள்ள தங்கைக்கு,

சரியாகத்தான் படித்திருக்கிறாய்.

சாதாரணக் காதல் கதையில் இரண்டு பேரில் யாரைக் கட்டுவது என்பதோடு கேள்வி முடிந்துவிடும். இங்கே இரத்தக்காட்டேரியான எட்வர்ட் வேண்டுமென்றால் பெல்லாவும் இரத்தக்காட்டேரியாக மாற வேண்டும். மூப்பு கிடையாது, சாவு கிடையாது, பழையபடி அப்பா அம்மாவோடு வாழவும் முடியாது. ஓநாயாக உருமாறும் ஜேக்கப் என்றால் அவள் மனுஷியாகவே இருந்து நரை கண்டு சாகலாம். அதனால் எட்வர்ட் கட்சி, ஜேக்கப் கட்சி என்று பெண்கள் பிரிந்து சண்டை போட்டதை நான் விளையாட்டாக எடுத்துக்கொண்டதே இல்லை. எந்த மாதிரி வாழ்க்கை வேண்டும் என்பதற்கான சண்டை அது.

2007-இல் வந்த மூன்றாம் நாவலுக்கு ஆங்கிலத்தில் கிரகணம் என்று பொருள்படும் பெயர். நீ படித்த பிரெஞ்சில் அது 'எஸிதாசியோன்', தயக்கம். எனக்கு இந்தப் பெயர்தான் பிடிக்கும். இரண்டு பேரையும் ஆட்டி வைக்கிறாள் என்று பெல்லாவைத் திட்டுகிறவர்கள் நிறைய. ஒருமுறை மாறிவிட்டால் திரும்பவே முடியாத பெண் தயங்காமல் என்ன செய்வாள்?

(ஓநாய் மனிதனை நல்லவனாக ஏற்க எனக்கே கொஞ்சம் பக்கங்கள் தேவைப்பட்டன. 1994-இல் ஹொல்லாண்டா புயலுக்குப் பின், கரண்ட் இல்லாத இரவுகளில், லூ கரூ என்ற ஓநாய் மனிதன் வருகிறது என்று ஊரே நடுங்கியதே, உன் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பார்.)

அப்புறம் 2008-இல் நான்காம் நாவல். பெல்லா எட்வர்டைத் தேர்ந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஜேக்கப்பின் வலியை அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். குழந்தையைப் பார்த்த கணத்தில், ஓநாய்க் குலத்தின் விதிப்படி, அவன் மனம் தானாக அதோடு பிணைந்துவிடுகிறது. அவன் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. பச்சைக் குழந்தைக்கோ தேர்ந்தெடுக்கும் வயதே இல்லை. உன் ஆத்திரத்தில் பாதி அதற்காகத்தான் என்று நினைக்கிறேன், அது நியாயமானது. மூன்று புத்தகங்களாக நாம் கூட இருந்து பார்த்த காதல் ஒரே பக்கத்தில் கரைந்துபோனது மீதிப் பாதி.

தொல்காப்பியர் ஒருதலைக் காதலை அன்பின் ஐந்திணைக்குள் சேர்க்கவில்லை. ஆனாலும் கைக்கிளை என்று பெயர் கொடுத்து, ஏழு திணைகளில் முதலாவதாக எண்ணினார். கிடைக்காத காதலும் காதல்தான், அதற்கும் ஓர் இடம் உண்டு. ஜேக்கப்பை அந்த இடத்தில் நிற்க விட்டிருக்கலாம். கதை முடிந்த பிறகும் அவன் நம் மனதில் அழுதுகொண்டிருப்பான், அவ்வளவுதானே?

எட்வர்ட் கட்சித் தோழிகளிடம் ஒன்று கேள். பெல்லா ஜேக்கப்போடு போயிருந்து, எட்வர்டுக்கு இப்படி ஓர் ஆறுதல் பரிசு கொடுத்திருந்தால் சும்மா இருந்திருப்பார்களா? என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா