தேய்த்தால் தடிக்கும் பழுப்புப் புள்ளிகள்: மாஸ்டோசைட்டோசிஸ் என்றதும் பயப்பட வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்குப் பத்து மாதம். முதுகு, வயிறெல்லாம் பழுப்புப் புள்ளிகள். குளிப்பாட்டித் துவட்டினால் சிவந்து தடித்துவிடுகின்றன. தோல் மருத்துவர் மாஸ்டோசைட்டோசிஸ் என்கிறார். இணையத்தில் தேடினால் ரத்தப் புற்றுநோய் என்று வருகிறது. எலும்பு மஜ்ஜையைப் பரிசோதிக்க வேண்டுமா? தடுப்பூசி போடலாமா?

பதில்: முதலில் தேடுவதை நிறுத்துங்கள். நீங்கள் படித்துப் பயந்தது பெரும்பாலும் பெரியவர்களுக்கு வருகிற வகையைப் பற்றியது. கைக்குழந்தைக்கு வந்தால் தோலோடு நின்றுவிடுவதுதான் வழக்கம், பதின்ம வயது முடிவதற்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் புள்ளிகள் மங்கிவிடும், சிலருக்கு இருந்த இடமே தெரியாது. இது ஒட்டுவாரொட்டி இல்லை. கர்ப்பத்தில் நீங்கள் எதையோ சாப்பிட்டதால் வந்ததும் இல்லை, யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மாஸ்ட் செல் என்பது நோய் எதிர்ப்புச் செல்களில் ஒன்று, 1878-இல் ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிச் பெயர் வைத்தது. தோலின் இணைப்புத் திசுவில் ரத்தக் குழாய்களை ஒட்டியே இருக்கும், உள்ளே ஹிஸ்டமின் (அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ரசாயனம்) நிறைந்த நுண்ணிய மணிகள். உங்கள் பிள்ளைக்கு அந்தப் புள்ளிகளில் இவை அளவுக்கு மீறிக் குவிந்திருக்கின்றன, அதனால்தான் துண்டால் அழுத்தித் துடைத்ததும் ஹிஸ்டமின் வெளியே கொட்டி, சில நிமிடத்தில் கொசு கடித்த மாதிரி தடிக்கிறது. மருத்துவரும் ஒரு புள்ளியைத் தேய்த்துப் பார்த்திருப்பார், டேரியர் அறிகுறி என்பது அதுதான். நீங்கள் வீட்டில் தேய்த்துத் தேய்த்துப் பார்க்க வேண்டாம்.

வெதுவெதுப்பான தண்ணீரே போதும். எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது, கடலை மாவு போட்டுத் தேய்ப்பது, கொதிக்கக் கொதிக்க ஊற்றுவது எல்லாம் கொஞ்ச காலத்துக்கு வேண்டாம் (பாட்டிமார் வருத்தப்படுவார்கள், பரவாயில்லை). துண்டை ஒற்றி எடுங்கள். அரிப்புக்கு செட்டிரிசின் போன்ற மருந்தை மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்கலாம்.

நான் அதிகம் கவலைப்படுவது மருந்துகளைப் பற்றித்தான். ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின், கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவை சிலருக்கு மாஸ்ட் செல்களைத் தூண்டிவிடும். அதனால் காய்ச்சல் என்று எந்த மருத்துவரிடம் போனாலும், முக்கியமாக மயக்க மருந்து கொடுக்கும் முன், நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள். ஒரு சீட்டில் எழுதி தடுப்பூசி அட்டையோடு வைத்துக்கொண்டால் அவசரத்தில் மறக்காது.

எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை இப்போது வேண்டியதில்லை. டிரிப்டேஸ் (மாஸ்ட் செல்களிலிருந்து வரும் நொதி) என்ற ரத்தப் பரிசோதனையும் ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் பார்த்து, கல்லீரல், மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் போதும். இவற்றில் ஏதாவது சரியில்லாமல் இருந்தால்தான் அடுத்த கட்டம்.

தடுப்பூசி எதையும் தவறவிடாதீர்கள். செவிலியரிடம் முன்பே சொல்லி, போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். எப்போதாவது உடம்பெல்லாம் சிவந்து, வாந்தி, மூச்சிரைப்பு வந்தாலோ பிள்ளை துவண்டாலோ செட்டிரிசின் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். தொடையில் அட்ரினலின் ஊசி உடனே போட்டாக வேண்டும், பக்கத்து மருத்துவமனைக்கு ஓடுங்கள்.