அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்: பாண்டுங் போக ஏஜென்ட் தயவு வேண்டுமா?

கேள்வி: நான், என் மனைவி, 67 வயது அம்மா மூவரும் ஆகஸ்டில் ஐந்து நாள் இந்தோனேசியாவின் பாண்டுங் போகலாம் என்றிருக்கிறோம். அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், குடும்பப் பெயர் கட்டம் காலி. "ஒற்றைப் பெயருக்கு விசா மறுத்துவிடுவார்கள், நான் பேசி முடித்துத் தருகிறேன், தலைக்கு 9,500 ரூபாய்" என்கிறார் ஏஜென்ட். ஜகார்த்தாவிலிருந்து அவர் ஏற்பாடு செய்யும் காரில்தான் போக வேண்டும், ரயில் வயதானவர்களுக்கு ஆகாது என்கிறார். அம்மாவுக்கு லேசான இளைப்பு உண்டு, சுத்த சைவம். அவரை நம்பலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: விசா விஷயத்தில் நம்ப வேண்டாம். கார் விஷயத்திலும் வேண்டாம்.

முதலில் விசா. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்தோனேசியா போய் இறங்கியதும் விசா கொடுக்கிறது. 30 நாள் தங்கலாம், கட்டணம் ஆளுக்கு 5 லட்சம் ரூபியா, நம் கணக்கில் சுமார் 2,700 ரூபாய். அதே விசாவைக் கிளம்புவதற்கு முன்பே வீட்டிலிருந்து இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம், அதைத்தான் உங்கள் ஏஜென்ட் 9,500-க்கு விற்கிறார். "பேசி முடிக்க" அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பாஸ்போர்ட் பக்கத்தின் படம், ஒரு போட்டோ, திரும்பி வரும் டிக்கெட், கார்டில் பணம், அவ்வளவுதான். கிளம்பும் முன் வங்கி ஆப்பில் கார்டுக்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிடுங்கள், பாதிப் பேருக்குப் பணம் போகாமல் நிற்பது அதனால்தான். நுழையும் நாளில் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதம் ஆயுள் இருக்க வேண்டும், அதையும் பாருங்கள்.

தேடுபொறியில் "இந்தோனேசியா விசா" என்று அடித்தால் முதலில் வருவதெல்லாம் விளம்பரம். கருடன் சின்னம், கொடி, அரசு மாதிரியே நிறம், எல்லாம் இருக்கும், கடைசியில் இரண்டு மடங்கு மூன்று மடங்கு பணம் பிடுங்குவார்கள். இந்தோனேசிய அரசுத் தளத்தின் முகவரி "டாட் ஜி ஓ டாட் ஐ டி" என்று முடியும். அப்படி முடியாத எதிலும் கார்டு எண்ணைப் போடாதீர்கள். இதையே வருகைப் படிவத்துக்கும் சொல்கிறேன். 2025 அக்டோபரிலிருந்து "ஆல் இந்தோனேசியா" என்று ஒரே படிவம், போய்ச் சேருவதற்கு மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், முற்றிலும் இலவசம். அதற்கும் காசு வாங்கும் போலித் தளங்கள் இருக்கின்றன. இலவசப் படிவத்துக்கு ஆயிரம் ரூபாய் கட்டிவிட்டு வந்து என்னிடம் கேட்டவர்கள் ஒருவர் இருவர் அல்ல. எந்த அரசாங்கமும் தன் பெயரில் நடக்கும் இந்தக் கொள்ளையைத் தடுக்க ஒரு விரலைக்கூட அசைப்பதாகத் தெரியவில்லை.

சரி, அம்மாவின் பெயருக்கு வருவோம். உங்கள் பயமெல்லாம் இதில்தான் இருக்கிறது, ஏஜென்ட் பிழைப்பதும் இதில்தான். இந்தப் பயம் காற்றில் வந்ததல்ல. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தது, நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர் தடுமாறினார்கள். அது அமீரகத்தின் விதி. அதை எடுத்து உலகத்துக்கே பொருத்தி உங்களைப் பயமுறுத்துகிறார்கள். இந்தோனேசியாவில் ஒற்றைப் பெயர் என்பது அன்றாட வழக்கம். அவர்களுடைய முதல் ஜனாதிபதி சுகர்ணோ, அடுத்தவர் சுகார்த்தோ, இரண்டு பேருக்கும் ஒரே பெயர்தான். அந்தச் சுகர்ணோ படித்ததே பாண்டுங்கின் தொழில்நுட்பக் கல்லூரியில்தான், 1926-ல் பட்டம் வாங்கினார். அப்படிப்பட்ட நாட்டில் உங்கள் அம்மாவின் பெயரைப் பார்த்து எந்த அதிகாரியும் புருவம் உயர்த்தப் போவதில்லை. விசா படிவத்திலும் முழுப் பெயர் என்று ஒரே கட்டம்தான், பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்து பிசகாமல் அப்படியே இருந்தால் போதும்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஏஜென்ட் நிரப்பும்போது "குடும்பப் பெயர் இல்லையே" என்று அப்பா பெயரையோ கணவர் பெயரையோ எடுத்துப் பின்னால் ஒட்டிவிடுவார். பாஸ்போர்ட்டில் மீனாட்சி, விசாவில் மீனாட்சி சுந்தரம், டிக்கெட்டில் மீனாட்சி மீனாட்சி என்று மூன்று காகிதத்தில் மூன்று ஆளாகிவிடுவார் அம்மா. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா, கணவர் பெயர்கள் அச்சாகியிருக்கும், அவை பெயரின் பகுதி அல்ல. தொடக்கூடாது.

பாஸ்போர்ட்டில் இருப்பதை அப்படியே எழுதுவது என்ற விதிக்கு விமான டிக்கெட்டில் மட்டும்தான் விலக்கு உண்டு, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பெரும்பாலான முன்பதிவுத் தளங்கள் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டால் நகரவே நகராது. சில விமான நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், சில "பெயர் இல்லை" என்பதற்கான ஆங்கிலச் சுருக்கெழுத்தைப் போடச் சொல்லும். எது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே அம்மாவின் டிக்கெட்டை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே எடுங்கள், எடுப்பதற்கு முன் அவர்களுடைய உதவிப் பக்கத்தில் ஒற்றைப் பெயர் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கத்திலிருந்து ஜகார்த்தா போகப் பெரும்பாலும் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ மாற வேண்டியிருக்கும், இரண்டு விமானமும் வேறு வேறு நிறுவனமாக இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். "பெயர் இரண்டு தரம் வந்திருக்கிறதே, விசாவில் ஒரு தரம்தானே இருக்கிறது" என்று அப்புறம் பதற வேண்டாம். விமான நிறுவனம் சொன்னபடி போட்டது என்றால் அது சரி. விசாவைப் பாஸ்போர்ட்டோடுதான் ஒப்பிடுவார்கள். இவ்வளவு எழுத வேண்டியிருப்பதற்குக் காரணம், தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்ற எளிய உண்மை இத்தனை வருடமாகியும் எந்தக் கணினிப் படிவத்துக்கும் புரியவில்லை.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு தம்பதிக்கு ஏஜென்ட் எடுத்துக் கொடுத்த விசாவில் பிறந்த தேதி தப்பு. சென்னை விமான நிலையத்தில் கவுன்ட்டரில் நிற்கும்போதுதான் பார்த்தார்கள். நல்லவேளை, ஜகார்த்தாவில் இறங்கி அங்கேயே புதிதாக வாங்கிக்கொள்ள முடிந்தது, ஏஜென்ட்டுக்குக் கொடுத்தது போனது போனதுதான். அரசுக் கட்டணமும் திரும்பக் கிடைக்காது. நீங்களே நிரப்பினால் இரண்டு தரம் சரிபார்ப்பீர்கள், நாற்பது பேருக்கு நிரப்புகிறவர் பார்க்கமாட்டார்.

இனி பயணம். "பாண்டுங்குக்கு நேரடி விமானம்" என்று யாராவது மலிவாக டிக்கெட் காட்டினால் எந்த விமான நிலையம் என்று கேளுங்கள். ஊருக்குள்ளேயே இருந்த ஹுசைன் சாஸ்த்ரநகாரா நிலையத்திலிருந்து 2023 அக்டோபரில் ஜெட் சேவைகளைக் கெர்த்தாஜாத்திக்கு மாற்றினார்கள். கெர்த்தாஜாத்தி எங்கோ மஜலெங்கா பக்கம் இருக்கிறது, பாண்டுங் வர ஒன்றரை இரண்டு மணி நேரம் சாலைப் பயணம். 2018-ல் திறந்து, ஆள் வராமல் காத்துக் கிடந்து, பிறகு ஊருக்குள் இருந்ததைப் பிடுங்கி அங்கே கொண்டுபோனார்கள். பயணியின் வசதியை யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. உங்களுக்கு ஜகார்த்தாதான் நல்லது.

ஜகார்த்தாவிலிருந்து இரண்டு ரயில்கள். ஒன்று "வூஷ்" என்ற அதிவேக ரயில், 2023 அக்டோபரில் தொடங்கியது, மணிக்கு 350 கிலோமீட்டர் தொடும், ஹாலிம் நிலையத்திலிருந்து கிளம்பும். வயதானவர்களுக்கு ஆகாது என்று சொன்னவர் அதில் ஏறியே இருக்கமாட்டார், குலுக்கலே இல்லாத வண்டி. டிக்கெட்டை பாடலாராங் நிலையத்துக்கு எடுங்கள், கடைசி நிலையமான தெகல்லுவாருக்கு எடுக்காதீர்கள். பாடலாராங்கில் இறங்கினால் நகர நடுவிலிருக்கும் பாண்டுங் நிலையத்துக்கு இணைப்பு ரயில் உண்டு, அதே டிக்கெட்டில் போகலாம். தெகல்லுவார் ஊருக்கு வெளியே, அங்கே இறங்கினால் டாக்சிக்காரர் சொன்னதுதான் விலை. இன்னொன்று கம்பீர் நிலையத்திலிருந்து கிளம்பும் சாதாரண ரயில், மூன்று மணி நேரத்துக்குள் நேராக ஊர் நடுவில் இறக்கிவிடும். மலை ஏறும் இடத்தில் பள்ளத்தாக்கு மேல் உயரமான பாலங்கள், படிக்கட்டு வயல்கள். அம்மாவை ஜன்னலோரம் உட்காரவையுங்கள். என்னைக் கேட்டால் போகும்போது இது, திரும்பும்போது வூஷ்.

காரில் போனால் டோல் ரோட்டில் மூன்று மணி நேரம் என்பார்கள். வெள்ளி மாலை கிளம்பினால் அந்தக் கணக்கு செல்லாது. வார இறுதியில் ஜகார்த்தாவே பாண்டுங்குக்கு வந்துவிடும், "மாச்செட்" என்ற அவர்கள் சொல்லை, அதாவது டிராபிக் ஜாம், முதல் நாளே கற்றுக்கொள்வீர்கள். முடிந்தவரை திங்கள் முதல் வியாழனுக்குள் உங்கள் நாட்களை வையுங்கள், ஆகஸ்ட் 17 அவர்கள் சுதந்திர தினம், அதையும் தவிருங்கள். ஏஜென்ட் காரின் இன்னொரு வேலை, நீங்கள் கேட்காமலே ரியாவ் சாலை ஃபேக்டரி அவுட்லெட்டுகளிலும் சிபாடுயுத் செருப்புக் கடைகளிலும் நிறுத்துவது. கடைக்காரர் அவருக்குக் கொடுக்கும் கமிஷனும் உங்கள் பையிலிருந்துதான். ஊருக்குள் கிராப், கோஜெக் என்ற ஆப் டாக்சிகள் போதும். மலைக்குப் போகும் நாளுக்கு மட்டும் ஓட்டல் வழியாகக் கார் பேசுங்கள், பெட்ரோல், டோல், பார்க்கிங், டிரைவர் சாப்பாடு எல்லாம் சேர்த்தா என்று முதலிலேயே கேட்டுவிட்டு.

"இந்தோனேசியாவின் ஊட்டி" என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். ஊட்டி 2,240 மீட்டர், பாண்டுங் 768 மீட்டர், பெங்களூரைவிடத் தாழ்வு. பகலில் 28 டிகிரி வரை போகும், ராத்திரி 18 பக்கம். ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும். நிஜக் குளிர் வேண்டுமென்றால் தெற்கே சிவிடே பக்கம், ரன்சபாலி தேயிலைத் தோட்டங்கள்.

அங்கேதான் காவா புத்தி, வெள்ளை எரிமலை ஏரி, சுமார் 2,400 மீட்டர் உயரம். எல்லோரும் போட்டோ எடுக்கும் இடம். உங்கள் அம்மாவை அங்கே கூட்டிப்போகாதீர்கள். கந்தகப் புகை, பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள் என்று மற்றவர்களுக்கே சொல்கிற இடம், இளைப்பு உள்ளவருக்கு மாஸ்க் காவல் அல்ல. நீங்களும் மனைவியும் போய்வாருங்கள், அம்மா தேயிலைத் தோட்டத்தில் டீ குடிக்கட்டும். வடக்கே தங்குபான் பராஹு எரிமலை, 2,084 மீட்டர், பள்ளத்தின் விளிம்பு வரை கார் போகும். அங்கேயும் கந்தக நெடி உண்டு, டாக்டரைக் கேட்டுவிட்டு, காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிற நேரமாகப் பார்த்துப் பத்து நிமிடம். "கைடு கட்டாயம்" என்று சுற்றிக்கொள்வார்கள், விளிம்பில் நின்று பார்க்கக் கைடு தேவையில்லை.

ஊருக்குள் கெடுங் மெர்டேகா மட்டும் தவறவிடாதீர்கள், 1955 ஏப்ரலில் 29 நாடுகள் கூடிய ஆசிய ஆப்பிரிக்க மாநாடு நடந்த கட்டடம், நேரு உட்கார்ந்த மண்டபம், இப்போது அருங்காட்சியகம், திங்களில் மூடியிருக்கும்.

சாப்பாட்டுக்கு அந்தப் பக்கத்துச் சுண்டா மக்களின் சமையலில் பச்சைக் காய்கறி, டெம்பே (புளிக்க வைத்த சோயாக் கட்டி), டோஃபு தாராளம், ஆனால் சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் "தெராசி" என்ற இறால் விழுது போடுவார்கள், கண்ணுக்குத் தெரியாது. "தன்பா தெராசி, தன்பா இகான், தன்பா ஆயாம்" (தெராசி இல்லாமல், மீன் இல்லாமல், கோழி இல்லாமல்) என்று எழுதிக் கடையில் காட்டுங்கள்.

ஏஜென்ட்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தாகிவிட்டது, அவர் விண்ணப்பித்தும் விட்டார் என்றால் அரசு ரசீதையும் விசா நகலையும் கேட்டு வாங்கி ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். சரியாக இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், மறுபடி பணம் கட்ட வேண்டாம். அசல் பாஸ்போர்ட்டுகள் அவர் கையில் இருந்தால் இன்றே போய் வாங்கிவிடுங்கள், இந்த விசாவுக்கு அசல் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்க எந்தக் காரணமும் இல்லை.