அம்மாவின் புடவைகளை வெட்டலாமா?

அன்புள்ள அக்கா,

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. தங்கைக்குத் தை மாதம் கல்யாணம், அப்புறம் பெங்களூரு போய்விடுவாள். அம்மாவின் புடவைகளை வைத்து அவளுக்கு ஒரு குயில்ட் போர்வை தைத்துக் கொடுக்க ஆசை. பீரோவில் முகூர்த்தப் பட்டோடு சேர்த்து ஐந்தாறு பட்டு இருக்கிறது, மற்றதெல்லாம் வீட்டில் கட்டிய சாதாரணப் புடவை. பட்டை வெட்டி நடுவில் வைத்து, சுற்றிலும் அம்மாவின் போட்டோக்களைத் துணியில் அச்சடித்துச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். "செத்தவ துணியை வெட்டிக் கல்யாணப் பொண்ணுக்குக் கொடுப்பியா" என்று பெரியம்மா திட்டுகிறார். அப்பா எதுவும் சொல்வதில்லை. எனக்கு மெஷினில் நேராகத் தைக்க மட்டும்தான் தெரியும். ஆரம்பிக்கலாமா?

வி., பெரம்பூர்

அன்புள்ள வி.,

ஆரம்பிக்கலாம், பட்டை மட்டும் விட்டுவிடுங்கள். வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் பீரோவில் இருந்த பட்டு அந்த மடிப்பிலேயே இற்றுப்போயிருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் மடிப்புக் கோடு நூல் நூலாகத் தெரியும், இரண்டு கட்டைவிரலால் லேசாக இழுத்தாலே விட்டுவிடும். அதையும் மீறித் தைத்தால் ஜரிகை முகத்தில் உரசும், வெள்ளி கலந்த ஜரிகை என்றால் காற்றுக்கும் ஈரத்துக்கும் கறுக்கும், தண்ணீரில் போட முடியாது. உங்கள் தங்கை அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பரண்மேல் வைப்பாள். போர்த்திக்கொள்ளத்தானே தைக்கிறீர்கள்?

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். அந்த முகூர்த்தப் பட்டை அம்மா வாழ்நாளில் எத்தனை தடவை கட்டியிருப்பார்? உங்களுக்குத் தெரிந்த அம்மா இருந்தது ஃபுல் வாயிலிலும் சுங்குடியிலும், முந்தானையில் கை துடைத்துத் துடைத்து அங்கே மட்டும் மெலிந்துபோன அந்தப் புடவைகளில்தான். பட்டை முழுசாக வைத்திருங்கள், தங்கையோ நீங்களோ ஒரு நாள் கட்டிக்கொள்ளலாம்.

சாதாரணப் புடவை ஒன்றை எடுத்து ஃபால்ஸைப் பிரித்து, உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஃபால்ஸ் மறைத்திருந்த ஐந்து அங்குல அகலம் மட்டும் ஏறக்குறைய வாங்கிய நாளின் நிறத்திலேயே இருக்கும், அதற்கு மேலே வெயிலும் சோப்பும் தின்ற நிறம், நடுவில் ஊசி போன பொட்டுப் பொட்டான துளை வரிசை. ஒவ்வொரு புடவையிலும் அந்த இடத்தில், பாதி இதுவும் பாதி அதுவுமாக ஒரு சதுரம் வெட்டுங்கள். போட்டோ எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. கப்பில் படம் அச்சடிக்கும் அந்த முறையும் பாலியஸ்டரில்தான் நிற்கும், பருத்திக்கு வராது. இஸ்திரி போட்டு ஒட்டுகிற படத்தாள் நாலு சலவையில் விரிசல் விடும். போட்டோவை ஆல்பத்தில் கொடுங்கள்.

சரி, தையல். எல்லாத் துணியையும் முதலில் ஒரு தடவை அலசிக் காயப்போடுங்கள், சுருங்குவதெல்லாம் இப்போதே சுருங்கட்டும். சுங்குடி சாயம் விடலாம், ஈர வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள், ஒட்டினால் மறுபடி அலசுங்கள். சட்டைப் பெட்டி அட்டையில் ஏழரை அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி அதை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் ஏழு நிற்கும். குறுக்கே ஆறு, நெடுக்கே ஒன்பது, மொத்தம் 54 சதுரம், 42-க்கு 63 அங்குலம், ஓர் ஆளுக்குத் தாராளம். முதலில் ஆறு ஆறாக ஒட்டி வரிசையாக்கி, பிறகு வரிசைகளை ஒட்டுங்கள், எல்லாம் நேர்த் தையல்தான். பின்பக்கத்துக்குத் துணி வாங்கக் கோடவுன் தெருவுக்கெல்லாம் அலைய வேண்டாம், புடவையின் அகலமே பெரும்பாலும் 45 அங்குலமாவது இருக்கும், இருப்பதில் திடமான ஒன்றை அகலத்தில் வெட்டாமல் விரித்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் மீறி நிற்கும், நீளத்திலும் அதே அளவு விட்டு வெட்டி, அதையே மடித்து முன்னால் கொண்டுவந்து தைத்தால் விளிம்பும் முடிந்தது.

நடுவில் பஞ்சு வேண்டாம். பெங்களூரு குளிருக்கும் ஏசிக்கும் மூன்று அடுக்குத் துணி போதும். நடு அடுக்குக்கு அப்பாவின் பழைய வேட்டி. வங்காளத்தில் காந்தா என்பதே இதுதான், பழைய புடவையையும் வேட்டியையும் அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பார்கள். மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, நடுவிலிருந்து வெளியே போகிற மாதிரி பெரிய பெரிய தையலாகப் போட்டு நிறுத்திக்கொண்டு, பிறகு கையால் ஓட்டுத் தையல். மெஷின் வேலை சீக்கிரம் முடியும், கைத்தையல்தான் நாளைத் தின்னும். தையல்காரரிடம் கொடுக்காதீர்கள். தீபாவளிக்கும் கல்யாண சீசனுக்கும் நடுவே அவர் இதைத் தொடமாட்டார்.

இனி பெரியம்மா. உங்கள் வீட்டில் பூவாடைக்காரி கும்பிடுவது உண்டா என்று அவரையே கேளுங்கள். சென்னையைச் சுற்றி, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், ஆற்காடு பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில், இறந்துபோன வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் புடவை வைத்துப் படைப்பார்கள். வேறு சில வீடுகளில் சுமங்கலிப் பிரார்த்தனை. படைத்த புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி எடுத்துக் கட்டிக்கொள்கிறாள். பிறந்த குழந்தையைப் பழைய வேட்டியில் வாங்கி, அம்மாவின் பழைய புடவையில் தூளி கட்டுகிறவர்கள்தானே நாம். ஆனாலும் அவர் மனசு சங்கடப்படுவதை அலட்சியம் செய்யாதீர்கள். முகூர்த்தத்தன்று மேடையில் நீட்ட வேண்டாம். தைத்து முடித்ததும் மூலையில் மஞ்சள் தடவி அம்மா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, கல்யாணத்துக்கு முந்தின வாரமோ மறுவீட்டின்போதோ வீட்டுக்குள்ளேயே கொடுங்கள்.

அப்பா பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கத்தரிக்கோல் எடுப்பதற்கு முன்னால் பீரோவைத் திறந்து அவரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள், எது வேண்டாம் என்கிறாரோ அதைப் பேசாமல் உள்ளே வைத்துவிடுங்கள்.

54 சதுரமும் அம்மாவாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அப்பாவின் சட்டை, உங்கள் தாவணி, தங்கையின் ஸ்கூல் யூனிஃபார்ம் எல்லாம் சேரட்டும் (யூனிஃபார்ம் பாலியஸ்டர் கலந்தது, இஸ்திரிச் சூட்டைக் குறையுங்கள்). உயிரோடு இருக்கிறவர்கள் துணியும் கலந்துவிட்டால் பெரியம்மாவின் பேச்சுக்கும் பாதி வேலை இல்லாமல் போகும். அவரிடமும் கட்டிப் பழசான புடவை ஒன்று கேளுங்கள். முடியாது என்பார். ஒரு வாரம் கழித்துத் தானே கொண்டுவந்து வைப்பார், அதுவும் இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து. வாங்கிக்கொண்டு, "இது இல்ல பெரியம்மா, சமையல் பண்ணும்போது கட்டுவீங்களே அது" என்று கேளுங்கள்.