ஃப்ரெட்லெஸ் பேஸ் யுகுலேலே: எந்தத் தந்தி போடுவது?

கேள்வி: இரண்டு வருடமாக ஃப்ரெட் (விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வைத்த பேஸ் யுகுலேலே (பேஸ் கிதாரின் சுருதியில் ஒலிக்கும் சிறிய கருவி) வாசிக்கிறேன். ரப்பர் தந்திதான் போட்டிருக்கிறேன். டபுள் பேஸ் மாதிரி வழுக்கி வாசிக்க ஆசை வந்து ஃப்ரெட் இல்லாத ஃப்ரெட்லெஸுக்கு மாறப் பார்க்கிறேன். விற்பவர் ஒருவர், "ஃப்ரெட்லெஸ் என்றால் உலோகத் தந்திதான், ரப்பரில் சுருதி நிற்காது" என்கிறார். இன்னொருவர், "புதிதாக எதற்கு வாங்குகிறீர்கள், உங்கள் கருவியிலேயே ஃப்ரெட்டைப் பிடுங்கித் தருகிறேன்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள். தாராளமாக மாறுங்கள், ஆனால் ஃப்ரெட்லெஸ்ஸாகவே செய்த கருவியை வாங்குங்கள். தந்தி இப்போதைக்கு ரப்பராகவே இருக்கட்டும். ரப்பர் என்று நாம் சொல்வது பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்.

சுருதி நிற்காது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், புதுத் தந்தியின் முதல் சில நாட்களிலிருந்து. பாலியூரித்தேன் இழுக்க இழுக்க நீளும். மாட்டிய அன்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுருதி சேர்க்க வேண்டியிருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அந்தப் பொறுமை இல்லாதவரிடம் அடுத்த செட்டை விற்பது சுலபம், அவ்வளவுதான்.

ரப்பர் தந்தி ஏன் இவ்வளவு தடிமன் என்று தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்று வேலை உங்களிடம் எடுபடாது. பேஸ் கிதாரில் தந்தியின் அதிரும் நீளம் பொதுவாக 34 அங்குலம். உங்கள் யுகுலேலேயில் சுமார் 21. இரண்டிலும் மிகத் தாழ்ந்த தந்தியான ஈயின் சுருதி ஒன்றுதான், 41 ஹெர்ட்ஸ். பேஸ் கிதார் தந்தியை வெட்டி இதில் மாட்டி அதே சுருதிக்குக் கொண்டுவந்தால், இழுவிசை வழக்கத்தில் ஐந்தில் இரண்டு பங்குகூட இருக்காது. கொடிக்கயிறு போலத் தொங்கும். நீளம் குறைந்ததை எடையால் ஈடுகட்ட வேண்டும், ஆனால் தந்தி விறைப்பாகிவிடவும் கூடாது. அதற்குத்தான் தடித்த, மெத்தென்ற ரப்பர்.

இதைவிட மோசமான பொறி ஒன்று இருக்கிறது. "பேஸ் யுகுலேலே தந்தி" என்று பெயர் போட்டு, உள்ளே பாரிடோன் யுகுலேலே தந்தியை வைத்து விற்கிறார்கள். என்னிடம் பழுதுபார்க்க வந்த கருவி ஒன்றில் அதைத்தான் மாட்டியிருந்தார்கள். பாரிடோனின் வரிசை டி, ஜி, பி, ஈ. அதன் தாழ்ந்த தந்தியே உங்கள் பேஸின் உயர்ந்த ஜி தந்தியைவிட மேலே ஒலிக்கும். அட்டையில் ஈ, ஏ, டி, ஜி என்று இருக்கிறதா, எந்த ஸ்கேல் நீளத்துக்கு (தந்தியின் அதிரும் நீளம்) என்று இருக்கிறதா பாருங்கள். தடிமனும் இழுவிசையும் பல அட்டைகளில் இருக்காது. இரண்டு எண்ணை அச்சடிக்க என்ன செலவு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பளபளப்பான படத்துக்கு மட்டும் இடம் இருக்கிறது.

சரி, ரப்பரில் எது? ஃப்ரெட்லெஸ்ஸில் விரல் வழுக்க வேண்டும். மிக மென்மையான வெள்ளைத் தந்திகள், உதாரணமாக அக்விலா நிறுவனத்தின் தண்டர்கட், விரலில் ஒட்டும். ஒலி நன்றாக இருக்கும், சறுக்கும்போது பிடித்து இழுக்கும். விரலில் கொஞ்சம் டால்கம் பவுடர் தடவிக்கொண்டு சமாளிப்பவர்கள் நிறைய. எனக்கு அந்த வேலை பிடிக்காது. கொஞ்சம் கெட்டியான, மேற்பரப்பு வழவழப்பான பாலியூரித்தேனிலிருந்து தொடங்குங்கள்.

உலோகம் சுற்றிய தந்திக்கு வருவோம். வட்டக் கம்பி சுற்றியது வேண்டாம். ஃப்ரெட் இருந்தால் தேய்வது ஃப்ரெட். இல்லாவிட்டால் மரத்தையே அது அரம் போல அராவும். தட்டையாகச் சுற்றியது அப்படி அராவாது, ஆனால் ரப்பரைவிட மெல்லியது. ரப்பருக்காக அறுத்த நட் (கழுத்தின் தலைப்பக்கம் தந்தியைத் தாங்கும் கட்டை) பள்ளத்தில் அது ஆடும், அதிரும். நட்டை மாற்ற வேண்டியிருக்கும்.

வட்டக் கம்பி வேண்டாம் என்றதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைச் சொல்லாவிட்டால் யாராவது சண்டைக்கு வருவார்கள், அதனால் சொல்கிறேன். விரல் பலகை கடினமான எப்பாக்ஸி பிசின் பூசியதாக இருந்து, கருவி உள்ளீடற்றதாக இல்லாமல் திட உடலாக இருந்து, அந்தத் தந்தியின் இழுவிசையை பிரிட்ஜ் (உடலில் தந்தியைப் பிடித்திருக்கும் கட்டை) தாங்கும் என்று செய்தவரே எழுத்தில் சொல்லி, நட்டும் அந்தத் தடிமனுக்கு அறுத்திருந்தால், வட்டக் கம்பி போடலாம். நான்கில் மூன்று இருந்தால் போதாதா என்று கேட்காதீர்கள், போதாது. எப்பாக்ஸி பூச்சு என்று சொல்லி வெறும் வார்னிஷைக் காட்டுவார்கள், அதுவும் கணக்கில் வராது. "கழுத்து வளைந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்பவர் பிறகு பார்க்க மாட்டார்.

ஃப்ரெட்டைப் பிடுங்கும் யோசனை மலிவாகத் தெரியும். பிடுங்குவது அரை மணி வேலை. அப்புறம் ஒவ்வொரு பள்ளத்தையும் மெல்லிய மரச்சில்லால் நிரப்பி, பலகையை ஒரே மட்டமாகத் தேய்க்க வேண்டும். ஃப்ரெட்டின் உயரம் ஏறத்தாழ 1 மி.மீ. அது போனதும் தந்தி அந்த அளவு உயரத்தில் நிற்கும், அதனால் நட்டையும் சாடிலையும் (பிரிட்ஜில் தந்தி உட்காரும் பட்டை) இறக்க வேண்டும். "பிடுங்கித் தருகிறேன்" என்பவரிடம் இதையெல்லாம் யார் செய்வது என்று கேட்டுப் பாருங்கள்.

புதுக் கருவி கைக்கு வந்ததும் பழைய பழக்கம் ஒன்றை விட வேண்டும். இதுவரை ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்தினீர்கள். இனி ஃப்ரெட் இருந்திருக்க வேண்டிய கோட்டின் மேலேயே விரல் விழ வேண்டும். 21 அங்குல ஸ்கேலில் முதல் அரைச்சுரம் நட்டிலிருந்து சுமார் 30 மி.மீ. தள்ளி வரும். மேலே ஆக்டேவ் (தந்தியின் பாதி நீளம்) அருகில் ஒரு அரைச்சுரத்தின் இடைவெளி 16 மி.மீ.தான், கிட்டத்தட்ட ஒரு விரல் நுனியின் அகலம். அங்கே 1 மி.மீ. தவறினால் அரைச்சுரத்தில் பதினாறில் ஒரு பங்கு பிசகும். தடித்த தந்தியை ஓரமாகத் தள்ளி அழுத்தினாலும் சுருதி ஏறும், நேராக அழுத்துங்கள். முதல் முறை கோடு போட்ட பலகையே வாங்குங்கள், அதில் வெட்கம் எதுவும் இல்லை. கழுத்தின் ஓரத்தில் இடம் காட்டும் புள்ளிகள் கோட்டின் மேலா, கோடுகளுக்கு நடுவிலா என்பதை வாங்கும் முன்பே பாருங்கள், கருவிக்குக் கருவி மாறும்.

தந்தி மாட்டும்போது, முறுக்குவதற்கு முன்பே கையால் நன்றாக இழுத்துக்கொள்ளுங்கள். தளர்வாகச் சுற்றினால் நீண்டுகொண்டே போய் ட்யூனர் (தந்தியை முறுக்கும் ஆணி) தண்டு முழுவதும் ரப்பராகிவிடும். வாலை அன்றே ஒட்ட வெட்டாதீர்கள், சுருதி அடங்கிய பிறகு வெட்டுங்கள். ட்யூனர் துளையின் விளிம்பு கூராக இருந்தால் தந்தி அங்கேதான் அறும், உப்புத்தாளால் ஒருமுறை மழுக்கிவிடுங்கள். பழைய ஈ தந்தியைத் தூக்கிப் போடாமல் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.