ரேவ்4 பிரைமா, அவுட்லேண்டரா?

கேள்வி: டொராண்டோவில் வசிக்கிறோம். தினமும் 50 கி.மீ. ஓட்டம். 2023 மாடல் பிளக்-இன் ஹைபிரிட்களில் (சார்ஜ் செய்த மின்சாரத்திலும் பெட்ரோலிலும் ஓடும் கார்கள்) டொயோட்டா ரேவ்4 பிரைமா, மிட்சுபிஷி அவுட்லேண்டரா?

பதில்: வீட்டில் சார்ஜ் செய்ய வசதி உண்டென்றால், எங்கள் தேர்வு ரேவ்4. மின்சாரத்தில் மட்டும் ரேவ்4 68 கி.மீ., அவுட்லேண்டர் 61 கி.மீ. ஓடும். கடுங்குளிரில் இரண்டிலுமே இது வெகுவாகக் குறையும். ஹீட்டருக்காக இன்ஜினும் கிளம்பிவிடும். சார்ஜ் தீர்ந்தபின்தான் பெரிய வித்தியாசம்: 100 கி.மீ.க்கு ரேவ்4 சுமார் 6 லிட்டர் பெட்ரோல் குடிக்கும், அவுட்லேண்டர் 9 லிட்டர். நெடும்பயணம் அதிகமென்றால் இதுவே முக்கியம்.

வீட்டில் ஆறேழு பேரா? அப்படியானால் அவுட்லேண்டர்தான், மூன்றாம் வரிசை அதில் மட்டுமே. ஆனால் அந்த இருக்கை சிறுவர்களுக்குத்தான் சரி, வாங்குமுன் உட்கார்ந்து பாருங்கள். அவுட்லேண்டரின் சாடெமோ (ஒருவகை பிளக்) வேக சார்ஜிங்கை நம்பி முடிவெடுக்காதீர்கள், அந்த பிளக் உள்ள நிலையங்கள் அருகி வருகின்றன.