அலர்ஜி இருந்தால் புற்றுநோய் வருமா?

பத்து வருஷமாகத் தும்மல், மூக்கடைப்பு, தினமும் ஒரு செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை. இது கடைசியில் கேன்சரில் கொண்டுபோய் விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தூக்கம் வராத ராத்திரியில்தான் இதை எழுதியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டிலும் அப்படிப் பல ராத்திரிகள் போயின.

தும்மல் முற்றிப் புற்றாக மாறுவதில்லை. பல நாடுகளில் இதைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். விடை ஒரே பக்கம் சாயவில்லை. மூளையில் வரும் கிளையோமா என்ற கட்டி அலர்ஜிக்காரர்களுக்குச் சற்றுக் குறைவாகவே வருகிறது என்கின்றன பல ஆய்வுகள். சதா விழித்திருக்கும் எதிர்ப்புச் சக்தி, கெட்டுப்போகும் செல்லையும் முளையிலேயே கிள்ளிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். கட்டியே எதிர்ப்புச் சக்தியை அமுக்கி, அலர்ஜி இல்லாதது போலக் காட்டுகிறதோ என்ற சந்தேகமும் இருந்தது. அதனால் நார்வேயில், நோய் தெரிவதற்குப் பல வருஷம் முன்பே சேமித்து வைத்த ரத்தத்தைச் சோதித்தார்கள். 2012இல் வந்த அந்த முடிவிலும், அலர்ஜி இருந்தால் கிளையோமா குறைவு என்ற தொடர்பே தெரிந்தது. ஆஸ்துமாக்காரர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கொஞ்சம் கூடுதலாகக் காணப்படுகிறது. அங்கே ஓயாத அழற்சி காரணமாக இருக்கலாம்.

என் பயம் வேறு. அலர்ஜி என்று பெயர் வைத்த பிறகு அந்த மூக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எங்கள் பட்டறை காரைக்குடியில். அப்பா நாற்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவர். செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்கு நிலை, கதவு, தூண் எல்லாம் அவர் கை பட்டு மறுபடி எழும். பழைய வார்னிஷைச் சுரண்டி எமரி தாள் போட்டுத் தேய்த்தால் தூள் மாவு மாதிரி பறக்கும். சாயங்காலம் புருவமே செம்பழுப்பாக இருக்கும். தேக்குத் தூள் பலருக்கு ஒத்துக்கொள்ளாது. அப்பாவும் முப்பது வருஷம் தும்மினார். அது தொழிலோடு வந்தது என்று விட்டுவிட்டோம்.

ஒரு தை மாதம் வலது மூக்கு மட்டும் அடைத்தது. டாக்டர் தூசு அலர்ஜி என்று மாத்திரையும் ஸ்பிரேயும் கொடுத்தார். பதினாலு மாதம் அதே சீட்டு. அப்பாவின் துண்டில் பழுப்பாகக் கறை இருக்கும். அவர் வெற்றிலை போடுவார், அதனால் வெற்றிலைக் கறை என்று அம்மா சோப்பு போட்டுத் துவைத்துக்கொண்டே இருந்தாள். அது மூக்கு ரத்தம். வலது கண்ணில் நீர் வழிய ஆரம்பித்த பிறகுதான் மதுரைக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்ப்பதற்கு முன் ஒரே கேள்வி கேட்டார்கள்: "ஐயா, என்ன தொழில் பண்றீங்க?" அதுவரை ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. சதை எடுத்துச் சோதித்ததில், மூக்கை ஒட்டிய சைனஸ் அறையில் புற்று.

இது புதிய விஷயமும் இல்லை. இங்கிலாந்தில் நாற்காலி செய்யும் ஊரான ஹை விக்கம்ப் பகுதித் தச்சர்களுக்கு இந்த மூக்குப் புற்று அளவுக்கு மீறி வருவதை 1960களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்றே வகைப்படுத்தியது. தும்மலும் புற்றும் ஒரே தூளிலிருந்து வந்தவை. தும்மல் புற்றைப் பெற்றெடுக்கவில்லை.

மூக்குப் புற்று மிக அரிது. செட்ரிசின் சாப்பிடுகிறவர்களை எல்லாம் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறேன் என்று யாரும் திரித்துக்கொண்டு சண்டைக்கு வர வேண்டாம். நான் டாக்டரும் இல்லை. அந்த முதல் டாக்டர் கெட்டவரும் இல்லை, வாசலில் அறுபது பேர் காத்திருப்பார்கள். ஆனால் பதினாலு மாதம் என்பது பதினாலு மாதம்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பா கடைசியாக வேலை பார்த்தது பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில். வளவுத் தூண், அதாவது உள்முற்றத்துத் தூண், பன்னிரண்டையும் தேய்த்து முடித்தார். அந்த வீட்டில் முப்பதுக்கு மேல் பங்கு. பங்காளிகளுக்குள் தகராறு வந்து கூலி பாதியில் நின்றது. ஆபரேஷனுக்குப் பணம் புரட்டிக்கொண்டிருந்த நாளில், அதே தூண்கள் லாரியில் ஏறிப் பழைய சாமான் கடைக்குப் போவதை நானே பார்த்தேன். அந்தக் கூலி இன்றுவரை வரவில்லை.

ஆபரேஷன், கரண்டு வைத்தல் (கதிர்வீச்சு சிகிச்சை) எல்லாம் முடிந்து ஏழு வருஷம் ஆகிறது. அப்பா இருக்கிறார். வாசனை மட்டும் போய்விட்டது. முன்பு இழைப்புச் சுருளை மோந்து பார்த்தே பர்மாவா நாட்டுத் தேக்கா என்று சொல்வார். இப்போது சுருளை என்னிடம் நீட்டி, "நீ பாத்துச் சொல்லுப்பா" என்கிறார். பட்டறையில் தூள் உறிஞ்சும் மெஷின் வாங்கிவிட்டேன். முகக்கவசம் போடாதவருக்கு எமரி தாள் கொடுப்பதில்லை.

நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று எழுதவில்லை. மூக்கு இரண்டு பக்கமும் மாறி மாறி அடைத்தால் பெரும்பாலும் அலர்ஜி போன்ற சாதாரணக் காரணம்தான். ஒரே பக்கம் விடாமல் அடைத்தாலோ, சளியில் ரத்தம் கலந்தாலோ, வாசனை தெரியாமல் போனாலோ காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்க் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் உங்கள் தொழிலை நீங்களே சொல்லிவிடுங்கள்.